பற்றாக்குறையிற் பிறந்த வண்டி

வரலாற்றுப் பேச்சு வரிசையிலே மோட்டார் வண்டிக்கும் ஓரிடம் உண்டா என நேயர்களுட் சிலர் வினவக்கூடும். அரசரையும் போரையும் கல்வெட்டையும் பற்றிக் கேட்டுப் பழகிய செவிக்கு, நான்கு சில்லும் ஒரு கூரையுங் கொண்ட சிறு வண்டியொன்றின் கதை அற்பமாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் ஒரு நாட்டு அரசாங்கம் விதித்த வரி, அந்நாட்டு மக்கள் போருக்குப் பின் அனுபவித்த தட்டுப்பாடு, கடல் கடந்து பொருள் விற்றாலன்றி வாழ இயலாது என்ற நெருக்கடி ஆகிய யாவும் ஒரு வண்டியின் இரும்பிலே பதிந்து கிடத்தல் உண்டு. அவ்வாறு பதிந்து கிடந்தவை நாற்பது ஆண்டுகள் கழித்து, ஆறாயிரம் மைலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே பயன்பட்ட வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

1950 ஆம் ஆண்டுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும் இலங்கையின் வடபுலத்தில் வாழ்ந்தோர்க்கு ஆங்கில வண்டிகளின் பெயர்கள் உறவினர் பெயர்போற் பழக்கமானவை. ஒஸ்ரின் சோமசெற், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஹில்மன் மிங்ஸ், போட் பிறிபெக்ற், மொறிஸ் ஒக்ஸ்போட் எனப் பலவும் ஓடின. வாடகைக்கு விடுவோர் பெரிதும் நாடியவை ஒஸ்ரின் வண்டிகள். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் எட்டுப் பத்துப் பேரைச் சுமந்து, முனகிக்கொண்டே போய் வந்தவை அவை. ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வைத்தியர் முதலிய நடுத்தர வாழ்க்கையினரின் வண்டியாய் இருந்தது மொறிஸ் மைனர். எங்கள் இல்லத்திலும் அவ்வண்டியே இருந்தமையாற் போலும், அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றேன்.

மொறிஸ் மைனரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் ஆங்கில நாட்டு வரிச் சட்டத்தை அறிதல் வேண்டும். 1921 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டில் மோட்டார் வண்டிகளுக்குக் குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண் என்ற கணக்கிலே ஆண்டு வரி விதிக்கப்பட்டது. இங்கே குதிரைவலு என்பது இயந்திரம் உண்மையிலே தரும் வலுவன்று. சிலிண்டரின் குறுக்களவையும் சிலிண்டர்களின் தொகையையுங் கொண்டு காகிதத்திலே கணிக்கப்பட்ட ஓர் எண். சிலிண்டருள் ஆடுதண்டு எவ்வளவு தூரம் மேலுங் கீழும் ஓடுகின்றது என்பதை அக்கணக்குப் பொருட்படுத்தவில்லை. எனவே, வரிக்கு அஞ்சிய ஆங்கிலத் தொழிலதிபர்கள் ஒடுங்கியும் நீண்டும் உள்ள சிலிண்டர்களைச் செய்யலாயினர். 57 மில்லிமீற்றர் குறுக்களவும் 90 மில்லிமீற்றர் ஓட்டமுங் கொண்ட மொறிஸ் இயந்திரம் அத்தகையது. விரைந்து சுழல மாட்டாது. ஆயின் மெல்லச் சுழலும்போதே இழுக்கும் வலுவுடையது. வரி அறவிடுவோர் இப்படித்தான் தம்மையறியாமலே ஒரு நாட்டின் வண்டிகளுக்குக் குணத்தை வகுத்தனர்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே, ஒக்ஸ்போட் நகரையடுத்த கௌலியில் உள்ள மொறிஸ் தொழிற்சாலையில், போர் முடிந்த பின் விற்கவேண்டிய சிறு வண்டிக்கான வேலை மெல்லத் தொடங்கியது. அப்பணி அலெக் இசிகோனிஸ் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1906 ஆம் ஆண்டு துருக்கியின் சிமிர்ணா நகரிலே கிரேக்க வழித் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்தவர். 1922 ஆம் ஆண்டு அந்நகரிற் போர் மூண்டபோது பெற்றோருடன் கப்பலேறிய அகதி. தந்தை வழியிலே மோல்ற்றாத் தீவில் இறக்க, தாயும் மகனுமாக இங்கிலாந்து சேர்ந்தனர். பொறியியற் படிப்பிலே கணிதத் தேர்வில் மும்முறை தவறினவர் இவர் என்பது மாணவ நேயர்களுக்கு ஓர் ஆறுதலாகலாம். கணக்கிற் பின்தங்கினும், கோடு வரைவதில் அவருக்கு நிகரில்லை. சில்லு முதற் கதவுக் கைபிடி ஈறாக அனைத்தையும் சிறு தாள்களிலே கையாற் கீறி, அவற்றைப் பொறியியலாளர் கையிற் கொடுப்பார். அவர்கள் அளவிட்டுச் செய்து முடிப்பர்.

அகலம் குறைந்த சில்லும் உயர்ந்த உடலுமாகத் தள்ளாடிய பழைய சிறு வண்டிகளினின்றும் இது வேறுபட்டது. சில்லுகள் 14 அங்குலமாகச் சிறுத்து நான்கு மூலைகளுக்கும் தள்ளப்பட்டன. இயந்திரம் முன்னே நகர்த்தப்பட்டமையால் உள்ளே இருப்போர்க்கு இடம் பெருகிற்று. பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட ஸ்டியறிங், ஓட்டுவோன் கை அசைந்த மாத்திரத்தே முன்சில்லுகளைத் திருப்பிற்று. முன்சில்லுகளைத் தாங்குவதற்கு முறுக்குத் தண்டுகள் அமைந்தன. விலையுயர்ந்த வண்டிகளிலே காணக்கூடிய நயம் எளியோர் வண்டியிலே புகுந்தது.

வண்டி ஏறத்தாழ முடிந்த நிலையிலே, 1947 ஆம் ஆண்டின் இறுதியில், இசிகோனிஸுக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை. ஒடுங்கலாக இருக்கிறது என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுக்கும்படி பணித்தார். இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கி வைத்துப் பார்த்து, இடைவெளி நான்கு அங்குலமானபோது, இதுவே அளவு என்றார். அவ்வாறே செய்யப்பட்டது. மைனரின் பொனற்றின் நடுவே தலை முதற் கால் வரை ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலந்தான். பம்பர்களோ முன்னரே பழைய அளவிற் செய்து குவிக்கப்பட்டுவிட்டன. அவற்றை வீசுவதற்கு மனமின்றி, நடுவே வெட்டி, இடையிலே ஒரு துண்டை வைத்துப் பொருத்தினர். அக்காலத்து ஆங்கிலேயர் எதையும் எறியும் நிலையில் இல்லை.

தொழிற்சாலையின் அதிபரோ இவ்வண்டியை விரும்பினாரல்லர். சைக்கிள் திருத்துவோனாகத் தொடங்கி நபீல்ட் பிரபுவாக உயர்ந்த வில்லியம் மொறிஸ், உருண்டு திரண்ட இப்புது உருவத்தை நீரில் அவித்த முட்டை என்று இகழ்ந்தார். போருக்கு முந்திய பழைய வண்டியையே தொடர்ந்து செய்யலாம் என்பது அவர் எண்ணம். இசிகோனிஸ் புதிய வகை இயந்திரமொன்றையும் எண்ணியிருந்தார். அது கைவிடப்பட்டுப் பழைய 918 கன சென்ரிமீற்றர் இயந்திரமே பொருத்தப்பட்டது. புது உடலிலே பழைய இருதயம். இதனைக் குறையென்றே மோட்டார் வரலாற்றாசிரியர் எழுதுவர். யாழ்ப்பாணத்தவனாகிய நான் அங்ஙனம் எழுத மாட்டேன். காரணம் பின்னே புலனாகும்.

1948 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் லண்டன் ஏர்ள்ஸ் கோட் காட்சிமண்டபத்திலே மொறிஸ் மைனர் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. விலை 358 பவுணுக்குச் சற்று மேல். பார்க்க வந்தோர் பெருந்தொகையினர். வாங்கிச் செல்ல முடிந்தோர் மிகச் சிலர். ஏனெனில் போர் முடிந்த இங்கிலாந்து கடனிலே மூழ்கியிருந்தது. உருக்கு அரசாங்கத்தின் கையில் இருந்தது; வெளிநாட்டுக்கு வண்டி அனுப்பிய அளவுக்கே தொழிற்சாலைக்கு உருக்கு அளிக்கப்பட்டது. நான்கு வண்டி செய்தால் மூன்று கப்பலேறும் நிலை வந்தது. 1950 ஆம் ஆண்டில் உலகிலே மிகுதியான வண்டிகளை ஏற்றுமதி செய்த நாடு பிரித்தானியாவே. தாம் செய்த வண்டியைத் தாம் வாங்க இயலாமல் ஆங்கிலேயர் ஆண்டுக்கணக்காகப் பெயர் பதிந்து காத்திருந்த அக்காலத்திலேதான், அவ்வண்டிகள் கொழும்புத் துறைமுகத்திலே இறங்கலாயின.

பெற்றோலின் நிலையும் அதுவே. போர் தொடங்கியது முதலாகப் பங்கீட்டுச் சீட்டுக்கே பெற்றோல் கிடைத்தது. 1947 ஆம் ஆண்டின் இறுதியிலே உல்லாசப் பயணத்துக்கான பங்கு சில மாதங்கள் அறவே நிறுத்தப்பட்டும் இருந்தது. 1950 ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் பங்கீடு ஒழிந்தது. அதன் பின்னரும், 1953 ஆம் ஆண்டுவரை, எல்லாக் கம்பனிகளின் பெற்றோலும் ஒன்றாகக் கலக்கப்பட்டுப் பெயரில்லாத ஒரே சரக்காக விற்கப்பட்டது. அது தரங் குறைந்தது. அத்தகைய எரிபொருளை உயர்ந்த அமுக்கத்திலே நெரித்தால் உரிய வேளைக்கு முன்னரே வெடித்து, சம்மட்டியால் அடிப்பதுபோல் இயந்திரத்தைத் தட்டும். ஆதலின் மைனரின் இயந்திரம் கலவையை ஏறத்தாழ ஆறரையில் ஒரு பங்காக மட்டுமே அமுக்குவதாயிருந்தது. வலுக் குறைவுதான், மணிக்கு 60 மைலைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆனால் எதைக் கொடுத்தாலும் உண்டு சீரணிக்கும் வயிறு அதற்கு வாய்த்தது.

பங்கீடு நீங்கிய பின்னர் ஆங்கிலக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைகளே மாறின என்பர். முன்னொருபோதும் வண்டி வைத்திராத பரம்பரையினர், தேநீர்க் குடுவையும் கம்பளமும் ரொட்டிப் பெட்டியுமாகக் கடற்கரைக்குப் புறப்பட்டனர். புது வண்டியாயின் முதல் ஐந்நூறு மைலும் மெல்லவே ஓட்டவேண்டும் என்பது விதி. பின்கண்ணாடியிலே, பழக்கப்படுத்துகிறோம், தயைகூர்ந்து முந்திச் செல்க என எழுதி ஒட்டியிருப்பர். வண்டியுள்ளே சூடேற்றும் கருவிக்குத் தனிக் கட்டணம். ஆகவே பலர் முழங்காலைக் கம்பளத்தாற் போர்த்தே பனிக்காலத்தைக் கழித்தனர். மோட்டார்ச் சங்கத்தின் வீதிக் காவலர், சங்கச் சின்னம் பூட்டிய வண்டியைக் கண்டால் கையுயர்த்தி வணக்கஞ் செய்யும் வழக்கம் 1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கம்வரை இருந்தது. அவர் வணங்காது நின்றால், அப்பால் வேகங் கணிக்கும் பொலிசார் மறைந்திருக்கின்றனர் என்பது குறிப்பு. வாய் திறவாமலே உண்மை சொல்லும் வழி! வண்டியில் வானொலிப்பெட்டி வைத்திருந்தோர் அதற்கெனத் தனி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற சட்டமும் 1971 ஆம் ஆண்டுவரை நிலவிற்று. வானொலி நேயர்கள் இதனை அறிதல் தகும். சூயசுக் கால்வாய் நெருக்கடியால் 1956 ஆம் ஆண்டு டிசெம்பர் தொடக்கம் சில மாதங்கள் மீண்டும் பெற்றோற் பங்கீடு வந்தபோது, சாரதித் தேர்வுகள் நிறுத்தப்பட்டு, பயிலுநர் துணையின்றித் தாமே வண்டி செலுத்தவும் இசைவளிக்கப்பட்டது. அந்த மாதங்களில் தனியே ஓட்டிப் பழகியோர் எத்தனை மதிலை இடித்தனரோ!

மைனரும் காலத்தோடு மாறிற்று. 1952 ஆம் ஆண்டிலே மொறிஸும் அதன் பரம வைரியான ஒஸ்ரினும் ஒரே கம்பனியாயின. ஒஸ்ரினின் சிறிய 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் மைனருள் ஏறிற்று. 1956 ஆம் ஆண்டிலே இரு துண்டான முன்கண்ணாடி ஒன்றாயிற்று. பின்புறம் மரச்சட்டங் கட்டிய வகையொன்றும் இருந்தது. ஈரலிப்பான ஊர்களில் அம்மரத்திலே பாசி படர்வதுண்டு. தபால் இலாகாவுக்குச் செய்த தொடக்கக்காலச் சிறு வான்களின் முன்சிறகுகள் இறப்பராலானவை. ஊர்த் தாதிமாரும் பொலிசாரும் இதனையே பயன்படுத்தினர். 1960 ஆம் ஆண்டு டிசெம்பரிலே பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. அவ்வெண்ணிக்கையை எட்டிய முதல் ஆங்கில வண்டி அதுவே. 1971 ஆம் ஆண்டிலே உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அதனைப் படைத்த இசிகோனிஸ் 1959 ஆம் ஆண்டிலே மினி என்னும் மற்றொரு வண்டியையும் ஆக்கிப் பெரும்புகழ் பெற்றார். மைனரின் தமையனான மொறிஸ் ஒக்ஸ்போட், இந்தியாவிலே அம்பாசடர் என்ற பெயர் பூண்டு 2014 ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டு வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1960 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையில் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 ஆம் ஆண்டிலே பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, முன்பு வந்திறங்கியவையே மீண்டும் மீண்டும் கைமாறின. இங்கிலாந்திலே பத்து ஆண்டிற் கழித்து ஒதுக்கப்பட்ட வண்டி இங்கே முப்பது ஆண்டு ஓடிற்று. தேய்ந்த பாகத்துக்குப் பதிற்பாகம் கிடையாதபோது நம்மூர்ப் பட்டறைகளிலே கடைந்து பூட்டினர். பட்டறைக்காரர் எவரும் மொறிஸ் கம்பனியிற் பயின்றவரல்லர். கழற்றிக் கழற்றிப் பூட்டியே கற்றனர். கழற்றுவோர்க்கு இடங்கொடுக்கும் வண்டி அது. பொனற்றைத் திறந்தால் இயந்திரத்தின் இரு பக்கமும் கை புகும். இலக்கத் தகட்டைப் பார்த்தே வண்டியின் வயதைச் சொல்லும் வித்தையையும் சிறுவர் அறிந்திருந்தனர். ஆங்கில எழுத்துடையது மூத்தது. 1957 ஆம் ஆண்டிலே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்ததும், அதனை அழித்துத் தமிழெழுத்துப் பொறித்த கிளர்ச்சியும், சிறை சென்றோர் கதையும் தனியொரு பேச்சுக்கு உரியன.

எங்கள் வண்டி ஆங்கில எழுத்துடையது. 1951 ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. பழைய 918 இயந்திரமும் இரு துண்டுக் கண்ணாடியுமுடையது. ஆசிரியரான என் தந்தையார் 1958 ஆம் ஆண்டிலே இரண்டாங் கையாக வாங்கினார். நிறம் கரும்பச்சை. அதன் கதவைத் திறந்ததும் வீசும் மணம், தோலிருக்கையும் எண்ணெயும் வெயிலுங் கலந்தது, இப்பொழுதும் என் மூக்கில் நிற்கிறது. திரும்பவேண்டிய பக்கத்திலே, கதவுக்குப் பின்னுள்ள தூணிலிருந்து ஒரு சிறு செம்மஞ்சட் கை விளக்கேந்தியபடி வெளியே நீளும். அது சில வேளை நீள மறுக்கும். அப்பொழுது தந்தையார் உள்ளிருந்தவாறே தூணிலே முட்டியால் ஒரு குத்துக் குத்துவார். கை நாணியதுபோல மெல்ல எழும். தெருவில் நின்ற சிறுவர் அதற்காகவே காத்திருப்பர்.

நான் வண்டி செலுத்தப் பழகியது 1968 ஆம் ஆண்டிலே. முதலாங் கியரிற் போடுமுன் வண்டி முற்றாக நிற்றல் வேண்டும்; அல்லாவிடிற் பற்சில்லுகள் கூக்குரலிடும். “பல்லை நெரியாதை தம்பி, அதுக்கும் நோகும்” என்பார் தந்தையார். அதன் பிறேக்கை நம்பி எவருந் துணிவதில்லை. தொலைவில் மாட்டுவண்டியைக் கண்டவுடனே காலைத் தூக்கிவிடவேண்டும். முன்னே நடக்கப்போவதை எண்ணி ஓட்டும் பழக்கம் எனக்கு அதனாலே வந்தது. காலையில் வண்டியை எழுப்புவது இளையோர் வேலை. முன்புறத் துவாரத்திலே இரும்புக் கைபிடியைச் செருகி, பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரே இழுப்பாக மேலே இழுக்கவேண்டும். பெருவிரலைச் சுற்றிப் பிடித்தால், எதிர்த்துச் சுழன்று கையை முறித்துவிடும். ஹாண்டில் அடித்தல் என்று நாங்கள் சொல்வோம்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோல், மின்கலம் முதலாகப் பல பொருள்களுக்குத் தடை வந்தது. வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவில் எழும் மின்னைக் கொண்டு மற்றவர் செய்தி கேட்ட காலம் அது. அவ்வாறு கேட்ட நேயர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அந்நாளிலே 1977 க்குப் பின் வந்த புது வண்டிகள் பல கொட்டிலுக்குள்ளே தூசி படிந்து நிற்க, ஒஸ்ரினும் மொறிஸும் வீதியிலே வெண்புகை கக்கிக்கொண்டு ஓடின. அவை குடித்தது மண்ணெண்ணெய்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்திலே ஆவியாகாது. ஆதலின் காபரேற்றரின் சிறு கிண்ணத்தில் அரிதிற் கிடைத்த பெற்றோலைச் சில கரண்டி ஊற்றி, ஹாண்டில் அடித்து இயந்திரத்தை எழுப்புவர். மின்கலம் வலுவிழந்திருந்தாலும் பொறி எழுப்ப அது போதும். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய் தொடரும். பழைய இயந்திரத்திலே கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளிச்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி நின்றமையால், புகையின் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவிற்று. அமுக்கம் குறைவாதலால் தட்டும் ஓசை தாங்கக்கூடிய அளவில் நின்றது. உயர்ந்த அமுக்கமுடைய புது இயந்திரங்களால் இதனைத் தாங்க இயலவில்லை. இதிலே மாயம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் கொவன்ற்றி நகரிற் செய்யப்பட்ட பேர்கசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை, பெற்றோலில் எழுந்து, மண்ணெண்ணெய்க்கு இனமான மலிவெண்ணெயில் உழுதது. இங்கிலாந்தின் கமக்காரர் அறிந்ததை நம்மூர்ப் பட்டறைக்காரர் தாமாகவே கண்டுகொண்டனர்.

அதற்கு விலையும் உண்டு. எரியாத எண்ணெய் கீழே வழிந்து இயந்திர எண்ணெயை நீராக்கும். பிளக்கிலே கரி அப்பும். மாதம் ஒருமுறை இயந்திரத்தின் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டவேண்டும். வால்வுகள் யாவும் கீழே உள்ள இயந்திரமாதலால், ஆணிகளைக் கழற்றினால் தலை ஒரு மூடியைப்போல வந்துவிடும். தந்தையார் எழுபது வயதிலும் அதனைத் தாமே செய்தார். சுரண்டிய கரியை ஒரு சிரட்டையிலே சேர்த்து வைத்திருந்தார். ஏன் சேர்த்தாரென்று எவரும் கேட்கவில்லை.

அவ்வண்டியிலே யார் யாரைக் கொண்டு சென்றோம்! பிள்ளைப்பேற்றுக்கு மூவர், பாம்பு தீண்டிய ஒருவர், குண்டுவீச்சிற் காயமுற்ற அயல் வீட்டார். காயமுற்றவரை ஏற்றிச் சென்ற நாளிலே, மண்ணெண்ணெய்ப் புகையும் இரத்த மணமுஞ் சேர, முப்பது ஆண்டாக அவ்வண்டியுள் இருந்த பழைய மணம் போய்விட்டது. பின்னர் எத்தனை முறை கழுவியும் அது திரும்பவில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒருசேர இடம்பெயர்ந்ததை நேயர்கள் அறிவர். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய கண்டி வீதியிலே, மழையில், மனிதரும் சைக்கிளும் மாடும் வண்டியும் அசையாது நின்று, பின் ஓரடி நகர்ந்து, மீண்டும் நின்றன. தொண்ணூறு வயதான என் பாட்டியார் பின்னிருக்கையிலே. மடியில் அயலார் குழந்தைகள் இருவர். எங்கள் வண்டியின் இயந்திரத்துக்கு நீரை ஓட்டும் பம்பு இல்லை. சூடான நீர் தானே மேலெழுந்து குளிரும் அமைப்பு அது. ஓடினாற் காற்றுப் பட்டுக் குளிரும். ஊர்ந்தால் நீர் கொதிக்கும். செம்மணிக்கு அணித்தாக றேடியேற்றர் பொங்கிவிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையாலே தள்ளத் தொடங்கினோம். “என்னை இறக்கிவிடு தம்பி, நானும் நடக்கிறன்” என்று பாட்டியார் பலமுறை சொன்னார். இறக்கவில்லை. எங்களை அறியாத இளைஞர் சிலரும் வந்து தோள் கொடுத்தனர். அவர்களுடைய மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டோம். விடியும்போது பாலத்தைக் கடந்தோம். அந்த ஓரிரவுக்குப் பின்னர் அதனை வண்டி என்று எங்கள் வீட்டில் எவரும் சொல்வதில்லை. பச்சை என்றே சொல்வர்.

அக்காலத்துக்கு அணித்தாகவே மற்றொன்றும் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரிலே பழைய மைனர்களைப் புதுக்கிக்கொடுக்கும் நிலையமொன்று இருந்தது. அந்நிலையத்தார், 1990 ஆம் ஆண்டுகளிலே இலங்கையின் தென்பகுதியில் ஒரு பட்டறை நிறுவி, உடற்பாகங்களைச் செய்வித்துக் கப்பலில் எடுத்துச் சென்றனர். தெற்கிலே அடித்த தகடு ஆங்கில நாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, வடக்கிலே நாங்கள் ஓட்டை விழுந்த தரைத் தகட்டைப் பழைய எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். நெடுந்தூரமும் இல்லை. ஆயினும் ஒன்றையொன்று அறியவில்லை.

தந்தையார் 1998 ஆம் ஆண்டிலே காலமானார். 2002 ஆம் ஆண்டு ஏப்ரிலிலே கண்டி வீதி திறக்கப்பட்டது. பழைய வண்டிகளை நாடித் தெற்கிலிருந்து பலர் வரலாயினர். அடுத்த ஆண்டிலே எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். நடுத்தர வயதுச் சிங்களவர். தம் தந்தையாரிடமும் இதே ஆண்டு மைனர் ஒன்று இருந்ததெனக் கொச்சைத் தமிழிலே சொன்னார். பேரம் பேசவில்லை. பொனற்றைத் திறந்து, நடுப்பட்டியிலே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, பம்பரின் நடுத்துண்டு இன்னும் இருக்கிறதா எனக் குனிந்து பார்த்தார். இருந்தது. விற்பதில்லை என்றிருந்த அம்மா, அவர் குனிந்ததைக் கண்ட பின்னரே இசைந்தார்.

புது மின்கலம் பூட்டிப் பெற்றோல் ஊற்றியே கொண்டு சென்றார். ஒழுங்கை முடிவிலே தூணிலிருந்து செம்மஞ்சட் கை எழுந்ததா என்று பார்ப்பதற்காகத் தெருவரை நடந்தேன். எழவில்லை. அவருக்கு எங்கே குத்தவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அன்று மாலை, சமையலறைக் கதவின் பின்னே கைபிடி தொங்குவதை அம்மா கண்டார். போர்க்காலத்திலே, எவரும் வண்டியை எடுத்துச் செல்லாதிருக்க, இரவில் அதனை வீட்டினுள் வைப்பது வழக்கம். வந்தவரின் முகவரியை நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. காற்றடிக்கும் நாள்களிலே படலைக்கு முட்டுக்கொடுக்க இன்றும் அதனையே எடுக்கின்றோம்.